குழாய் போடும்போது வரும் விறைப்பு இரவில் ஏன் வருவதில்லை?

கேள்வி: எனக்கு 31 வயது. பர்மாவில் பெகு பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருஷமாகிறது. மருத்துவமனைச் சீட்டில் ‘டி10, முழுமையான தண்டுவடக் காயம்’ என்று இருக்கிறது. தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நான்தான் சிறுநீர்க் குழாய் போட்டுவிடுகிறேன். அப்போது அவருக்கு ஆணுறுப்பில் விறைப்பு வருகிறது. இரவில் ஆசையோடு நெருங்கினால் வருவதில்லை. என்மேல் விருப்பம் விட்டுப்போய்விட்டதோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எங்களுக்குப் பிள்ளை பிறக்க வழி உண்டா?

பதில்: சகோதரி, குழாய் போடும்போது வருவது ஆசையால் அல்ல. இரவில் வராமல் போவது ஆசை இல்லாததாலும் அல்ல. இந்த இரண்டையும் வைத்து அவர் மனசை அளக்கவே முடியாது.

தண்டுவடத்தின் மார்புப் பகுதியை டி என்றும், அதற்குக் கீழே இடுப்புப் பகுதியை எல் என்றும், கடைசிப் பகுதியை எஸ் என்றும் குறிப்பார்கள்; ஒவ்வொன்றிலும் எண் கூடக் கூடக் கீழே போகிறது. விறைப்பு இரண்டு வழியில் வரும். பார்ப்பதாலும் நினைப்பதாலும் வருவது மூளையில் கிளம்பி, தண்டுவடத்தில் டி11 முதல் எல்2 வரையுள்ள பகுதிக்கு இறங்கி, அங்கிருந்து உறுப்புக்குப் போகிறது. தொடுகையால் வருவது அப்படியில்லை. தொட்ட செய்தி அடிமுதுகில் எஸ்2 முதல் எஸ்4 வரையுள்ள மையத்துக்குப் போய் அங்கிருந்தே திரும்பிவிடும், மூளையைக் கேட்பதில்லை. உங்கள் கணவருக்குக் காயம் இந்த இரண்டு இடங்களுக்கும் மேலே. அதனால் நினைப்பு கீழே இறங்க வழியில்லை, தொடுகைப் பாதை மட்டும் பிழைத்திருக்கிறது. இரவில் உறுப்பையே நேராகத் தொட்டு, விடாமல் தூண்ட வேண்டும். கையை எடுத்தால் அடங்கிவிடும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

அவருக்கு இன்பம் கிடைக்கும் இடம் வேறு. உணர்ச்சி முடியும் கோட்டை ஒட்டி, தொப்புளுக்குச் சற்று மேலே, விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். பலருக்கு அந்தப் பட்டை முன்பைவிடக் கூர்மையாகியிருக்கும்; சிலருக்கு எரிச்சலாகவும் இருக்கும், அதனால் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். கழுத்து, காதுமடல், மார்புக்காம்பு இவற்றையும் விடாதீர்கள்.

இனி ஆயத்தம். அன்று காலையிலேயே மலம் கழிக்கும் வேலை முடிந்திருக்கட்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வேண்டாம். சாப்பாடு குடலை அசைக்கும். இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, நெருங்குவதற்குச் சற்று முன் குழாய் போட்டுச் சிறுநீரை முழுதும் எடுத்துவிடுங்கள். அது முடிந்ததும் உடனே தொடங்காதீர்கள். கையைக் கழுவி, அரை மணி நேரம் சும்மா பேசிக்கொண்டிருங்கள். தாதி வேலையும் மனைவி உறவும் ஒன்றோடொன்று கலந்துபோவதுதான் பல வீடுகளில் ஆசையைக் கொல்கிறது. குழாய் போட அவரே பழகிக்கொண்டால் இன்னும் நல்லது. டி10 காயத்தில் கைகள் நன்றாக இருக்கும், அவரால் முடியும். பலகைச் சுவர் வீட்டில் தனிமை கிடைப்பதே கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மாமியார் கோயிலுக்குப் போகும் பகல் நேரமும் நேரம்தான்.

அவர் மல்லாந்து படுத்திருக்க நீங்கள் மேலே இருப்பது சுலபம். அவர் இடுப்புக்குக் கீழே தலையணை வையுங்கள். கால் வெட்டி இழுத்தால் அசையாமல் நின்று, முழங்காலை மெதுவாக மடக்குங்கள். இந்த வெட்டி இழுப்புக்குக் கொடுக்கும் பக்லோஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அது விறைப்பையும் விந்து வருவதையும் குறைக்கலாம். அதற்காகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பே வரலாம். வெறும் தரைப்பாயில் வேண்டாம், மெத்தை போடுங்கள். முடிந்தபின் விளக்கைப் போட்டு அவருடைய பிட்டம், இடுப்பு எலும்பு, உறுப்பின் தோல் மூன்றையும் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்துக்கு மேல் மறையாவிட்டால் அந்த இடத்தில் பாரம் படக்கூடாது. வலி தெரியாத உடம்பில் சிராய்ப்பு புண்ணாகும்வரை யாருக்கும் தெரியாது.

விறைப்பு நிலைக்காவிட்டால் சில்டெனாஃபில் (வயாக்ரா) மாத்திரை பெரும்பாலும் உதவும். 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். எண்ணெய் மிதக்கும் கறியும் சோறும் சாப்பிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். மாத்திரை போலி என்று பலர் திட்டுவது இதனால்தான். போலி என்று நம்பி இரண்டாவது மாத்திரை போடுவதுதான் ஆபத்து. 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தொடவே கூடாது. கடையில் சீட்டில்லாமல் கொடுப்பார்கள். இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், உதிரி மாத்திரையும் ‘சக்தி’ லேகியமும் வாங்காதீர்கள். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் உடனே மருத்துவமனை. விறைப்பு அடங்காமலிருக்க உறுப்பின் அடியில் ரப்பர் வளையம் போடுபவர்கள் 30 நிமிடத்தில் கழற்றியே ஆக வேண்டும். வளையத்தோடு தூங்கிவிட்டால் அவரை வலி எழுப்பாது.

டி6-இலோ அதற்கு மேலேயோ காயமுள்ள வேறு வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உறவின்போது தலை இடிப்பது, முகம் சிவந்து வியர்ப்பது எல்லாம் ரத்த அழுத்தம் ஏறும் அறிகுறி. நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். தணியாவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள், சில்டெனாஃபில் போட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

பிள்ளை பற்றி: வழி உண்டு. இவ்வகைக் காயத்தில் விறைப்பு வந்தாலும் பலருக்கு விந்து வெளியே வருவதில்லை. சிலருக்கு அது பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குப் போய், அடுத்த சிறுநீர் கலங்கலாக வரும். டி10-உம் அதற்கு மேலும் காயமுள்ளவர்களுக்கு உறுப்பில் வைத்து விந்தை வரவழைக்கும் மருத்துவ அதிர்வுக் கருவி பெரும்பாலும் பலன் தரும்: நொடிக்கு 100 அதிர்வு, 2.5 மில்லிமீட்டர் வீச்சு. கழுத்துவலிக்கு விற்கும் சாதா மசாஜ் கருவிக்கு அந்த வீச்சு இல்லை. முதல் தடவை மருத்துவர் முன்னிலையில் செய்து பார்க்க வேண்டும். விந்தணு எண்ணிக்கை சரியாக இருந்து, அது நீந்தும் ஓட்டம் மட்டும் குறைவாக இருப்பதே வழக்கம். ஓட்டம் போதுமென்று பரிசோதனையில் தெரிந்தால் சுத்தமான கோப்பையில் எடுத்து, 20 நிமிடம் இளகவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் யோனிக்குள் விடலாம். 28 நாள் சுழற்சியென்றால் 12 முதல் 14-ஆம் நாள்வரை. அந்த நாட்களில் வழவழப்புக் களிம்பு எதுவும் வேண்டாம். ஓட்டம் போதாவிட்டால் கருப்பையில் செலுத்துவதோ சோதனைக்குழாய் முறையோ இருக்கிறது. ரங்கூன் போகும்போது சிறுநீர்ப்பாதை (யூராலஜி) மருத்துவரிடம் இந்தக் கேள்வியை நேராகக் கேளுங்கள். போகுமுன் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அது விந்தணுவையும் கெடுக்கும், பரிசோதனை முடிவையும் கெடுக்கும்.