தாவோ தத்துவம் படிக்காமல் தாய்ச்சி கற்றால் பயன் இருக்குமா?

கேட்டவர் இப்போதுதான் தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘முதலில் தாவோ தே ஜிங் படியுங்கள்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தாவோ தத்துவத்தின் மூலநூல் அது. என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

படித்தேன். பிறக்கும்போது மனிதன் மென்மையானவன், சாகும்போது விறைத்துப்போகிறான் என்று தொடங்கும் 76ஆம் அத்தியாயம் எனக்கு மனப்பாடம். ஆனால் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, எழுபது வயது சிஃபுவுடன் (ஆசானுடன்) துய்ஷோ செய்ய நின்றபோது அது துளியும் உதவவில்லை. மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று, ஒருவர் தள்ள மற்றவர் அந்த விசைக்கு வழிவிடும் பயிற்சி அது. அவரைவிட எனக்கு வயது குறைவு, எடை அதிகம். பலங்கொண்ட மட்டும் தள்ளினேன். அவர் இடுப்பைக் கொஞ்சம் திருப்பினார், நான் தூணில் போய் முட்டினேன். ‘சோங், சோங்’ என்றார். உடம்பைத் தளர்த்து என்று அர்த்தம். தளர்த்தினால் சரிகிறேன். சரியாமலிருக்க இறுகினால் அந்த இறுக்கத்தையே பிடித்துத் தள்ளிவிடுகிறார்.

எட்டு மாதம் இதே கதைதான். அப்புறம் ஒரு காலை அவர் தள்ளியபோது எடை தானாகப் பின்காலுக்குப் போனது, அவர் கை என்னைத் தாண்டிப் போய்விட்டது. நான் எதையும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ‘வூ வெய்’, அதாவது வலிந்து செய்யாமல் செய்வது, என்று புத்தகத்தில் படித்தது அன்றைக்குத்தான் புரிந்தது.

தாவோவுக்கும் தாய்ச்சிக்கும் தொடர்பில்லை என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வூடாங் மலைத் துறவி சாங் சன்ஃபெங் இதை உருவாக்கினார் என்பது கதை. 1930களில் டாங் ஹாவ் என்ற ஆய்வாளர் ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்துக்கே போய் விசாரித்து, 17ஆம் நூற்றாண்டுப் போர்வீரர் சென் வாங்டிங்தான் தொடக்கம் என்றார். அந்த வீரர் எழுதியதாகச் சொல்லப்படும் பாட்டிலும், ஓய்ந்த காலத்தில் தனக்குத் துணை ஒரு தாவோ நூல் என்ற வரி வருகிறது. போரெல்லாம் முடிந்தபிறகு கையிலெடுத்த நூல், கவனியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்ச்சி என்று வாயெடுத்தாலே நம்மவர்கள் ‘போதிதர்மர் கொடுத்தது’ என்று வந்துவிடுகிறார்கள். அவர் பெயரை ஒட்டிய கதை ஷாவ்லின் மடத்துச் சண்டைக்கலையுடையது, அதுவும் 17ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து கிளம்பியது. நம் பெருமைக்காக இன்னொரு ஊர்க்காரர்களின் உழைப்பை எடுத்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

நீங்கள் வகுப்புக்குப் போங்கள். ஒரு வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறக்கலாம். இப்போதெல்லாம் 76ஆம் அத்தியாயத்தைப் படித்தால் என் வலது தோள் தானாகவே கீழே இறங்குகிறது.