எடையை ஏற்றலாமா, ஒல்லியாகவே இருக்கலாமா?

கேள்வி: எனக்கு 22 வயது. உயரம் 172 செ.மீ., எடை 58 கிலோ. தக்கலையில் ஜிம்முக்குச் சென்று பளு தூக்குகிறேன். இப்படியே ஒல்லியாக இருப்பதா, நிறையச் சாப்பிட்டு உடம்பை ஏற்றுவதா? தொப்பை விழுமோ என்று அஞ்சுகிறேன்.
– வாசகர், குளச்சல்

பதில்: உங்கள் உயரத்துக்கு இந்த எடை ஆரோக்கியமானதுதான், ஆனால் தசை வளர வேண்டுமென்றால் எடை சற்றுக் கூடியே ஆக வேண்டும். ஆகவே ஏற்றுங்கள், ஆனால் மெதுவாக. அன்றாடத் தேவையைவிட 250 முதல் 300 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, வாரத்துக்கு 150 முதல் 300 கிராம் வரை எடை ஏறுமாறு பார்த்துக்கொண்டால், சேர்வதில் கொழுப்பின் பங்கு குறைவாக இருக்கும்.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வீதம், உங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 93 கிராம் தேவை. நம் ஊர் மரச்சீனிக் கிழங்கில் மாவுச்சத்துதான் மிகுதி, புரதம் மிகக் குறைவு. அதனுடன் உண்ணும் சாளை மீனிலோ 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. எனவே தட்டில் கிழங்கைக் கூட்டுவதற்கு முன் மீனைக் கூட்டுங்கள். கடற்கரையில் வாழ்பவருக்கு விலையுயர்ந்த புரதப் பொடி அவசியமில்லை என்பது என் உறுதியான கருத்து.

வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், தொப்புளை ஒட்டி இடுப்பை அளந்து குறித்து வாருங்கள். தூக்கும் பளு கூடாமல் இடுப்பளவு மட்டும் கூடினால், இரவுச் சோற்றில் ஓர் அகப்பை குறையுங்கள்.