கொலஸ்திரோல் மாத்திரை ஆண்களின் ஓமோனைக் குறைக்குமா?

கொலஸ்திரோலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் மாத்திரையை எடுக்கத் தொடங்கிய பின்னர் களைப்பும் தாம்பத்திய நாட்டக் குறைவும் ஏற்பட்டுள்ளதாகவும், மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் மருந்தாளராக வேலை செய்பவன் என்ற முறையில், நீங்களாக நிறுத்த வேண்டாம் என்றே சொல்வேன். ஆயினும் உங்கள் ஐயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை.

ஆண்களின் முக்கிய ஓமோனான டெஸ்டோஸ்டிரோன் கொலஸ்திரோலிலிருந்தே உருவாகின்றது. அடோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மருந்துகளோ கொலஸ்திரோல் உற்பத்திக்கு வேண்டிய முக்கிய நொதியத்தைத் தடுக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குப் பயம் வருவது இயல்பே. ஆனால் மருந்தின் வேலை பெரும்பாலும் ஈரலில் நடைபெறுகின்றது. விதைகளில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லெய்டிக் கலங்கள் தமக்குத் தேவையான கொலஸ்திரோலைத் தாமே ஆக்கிக்கொள்வதோடு குருதியிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஏற்படும் குறைவு சிறியது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் வெளியான கணிப்பொன்று, ஸ்டாட்டின் எடுத்த ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக லீற்றருக்கு 0.66 நனோமோல் குறைந்ததாகக் காட்டியது. வளர்ந்த ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோனின் மொத்த அளவு ஏறத்தாழ 10 முதல் 30 நனோமோல் வரை இருக்கும்.

தாம்பத்திய உறவில் சிரமம் என்றதும் எல்லோரும் ஓமோனையே நினைக்கிறார்கள். உண்மையில் விறைப்பு என்பது முதலில் குருதி ஓட்டத்தைப் பொறுத்தது. ஆண்குறிக்குச் செல்லும் நாடிகள் இதயத்தின் நாடிகளை விட ஒடுக்கமானவை என்பதால், கொழுப்புப் படிவின் பாதிப்பு அங்கே முன்கூட்டியே தெரியக்கூடும். நெஞ்சு வலி வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே விறைப்புக் குறைவு தோன்றுவதுண்டு. ஏற்கெனவே இச்சிரமம் உள்ள ஆண்களுக்கு ஸ்டாட்டின் ஓரளவு நன்மை செய்ததாக 2014 இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு கூறியது. கால் உளைவைச் சத்தமாகச் சொல்லும் எம்மவர்கள் இதை மட்டும் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்தே கேட்பார்கள். வைத்தியரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு வருபவர்களும் உண்டு.

உங்கள் களைப்புக்கு வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். நீரிழிவும் வயிற்றுப் பருமனும் டெஸ்டோஸ்டிரோனை மாத்திரையை விட அதிகமாகக் குறைக்கக்கூடியவை. தைரொயிட் குறைபாடு, தூக்கக் குறைவு, சில பிரஷர் மாத்திரைகள் ஆகியவையும் இத்தகைய தொல்லையைத் தரலாம். களைப்புடன் தசை வலியும் இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், ஏனெனில் அது ஸ்டாட்டினின் அறியப்பட்ட பக்கவிளைவு.

டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை செய்வதானால் காலையில், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். குறைவாக வந்தால் வேறொரு நாள் மீண்டும் பார்க்க வேண்டும். மாலையில் எடுத்த ஒரே முடிவை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அடுத்த முறை கிளினிக் கொப்பியுடன் வேறு மாத்திரைகளின் பெயர்களையும் கொண்டு செல்லுங்கள்; அளவைக் குறைப்பதா, வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவதா என்பதை வைத்தியர் முடிவுசெய்வார். மாரடைப்பு வந்தவராகவோ இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவராகவோ நீங்கள் இருந்தால், அதுவரை ஒரு நாளும் மாத்திரையைத் தவற விடாதீர்கள்.