வாங்குவோர் கேள்வி-பதில்: டிவிக்குப் போகும் படம்

கேள்வி: பூர்வீக வீட்டைப் பற்றிப் பங்காளிகள் சேர்ந்து 24 நிமிடப் படம் எடுக்கக் கொடுத்தோம். பில்லில் 'பிராட்காஸ்ட் குவாலிட்டி' என்று இருக்கிறது. சேனலோ, "லவுட்னஸ் மைனஸ் 14 இருக்கிறது, மைனஸ் 23 வேண்டும்" என்று திருப்பிவிட்டது. சரிசெய்ய ஸ்டுடியோ 12,000 ரூபாய் கேட்கிறது.
- தேவகோட்டை

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் மேல் தவறில்லை. யூடியூபுக்குச் செய்த மிக்ஸையே (ஒலிக் கலவையையே) உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (சராசரி ஒலி உரப்பின் அலகு) என்பது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 128 அளவு. ஒலி தொடும் உச்சமான ட்ரூ பீக் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டக் கூடாது. மொத்த ஒலியை 9 டெசிபெல் இறக்கினால் சராசரி சரியாகிவிடும், ஐந்து நிமிட வேலை. உச்சத்தை அமுக்கும் லிமிட்டரில் ஏற்கெனவே நசுங்கிய நாதஸ்வரம் மட்டும் அப்படியேதான் இருக்கும். அதற்கு மிக்ஸைத் திறந்து, வர்ணனைக் குரலின் அளவை முதலில் சரியாக வைத்து, அதற்கேற்ப இசையை மறுபடி அமைக்க வேண்டும். அதுவும் அவர்கள் செலவு.

'பிராட்காஸ்ட் குவாலிட்டி' என்று பில்லில் எழுதுவது, நகைக்கடைக்காரர் காரட் சொல்லாமல் 'நல்ல தங்கம்' என்று எழுதுவது மாதிரி. ஒளிபரப்புத் தரம் என்று ஒன்றே ஒன்று கிடையாது. சேனலுக்குச் சேனல் தொழில்நுட்ப விவரத் தாள் மாறும். அந்தத் தாளை முதலில் வாங்கி, 1080ஐ 50 (ஒரு ஃபிரேமை ஃபீல்டு எனும் இரண்டு பாதிகளாகப் பிரித்து நொடிக்கு 50 காட்டுவது), மேல் ஃபீல்டு முதலில், எம்எக்ஸ்எஃப் கோப்பு, 4:2:2 நிறப்பதிவு, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட், லவுட்னஸ் இத்தனை என்று அதிலுள்ளதை வரி வரியாக ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். கடைசித் தவணை சேனலின் தரச் சோதனை (க்யூசி) தேறிய பிறகுதான். இதற்குச் சம்மதிக்காத ஸ்டுடியோவுக்கு ஒரு கும்பிடு.

இப்போது எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், அல்லது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் பாவிய தரை கம்ப்யூட்டரில் அழகாக இருக்கிறது, டிவியில் மினுமினுக்கிறது. கேமராவை மாற்றலாமா?
- கானாடுகாத்தான்

பதில்: கேமராவைத் தொடாதீர்கள். 1080ஐ-யில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும். ஒரு பிக்ஸல் தடிமனுள்ள கிடைக்கோடு ஒரு ஃபீல்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது, அதுதான் துடிப்பு. அந்த ஷாட்டுக்கு மட்டும் மேல்கீழாக லேசான பிளர் போதும். டைட்டில் கோடுகளையும் இரண்டு மூன்று பிக்ஸலாவது வையுங்கள். தரை அமைதியாக இருந்து நடப்பவர் மட்டும் முன்னும் பின்னும் துள்ளினால் ஃபீல்டு வரிசை தலைகீழ்.

வளவில் (நடு முற்றத்தில்) விழும் வெயிலும் வெள்ளைச் சுவரும் அளவை மீறும். அதே ஒன்றியத்தின் ஆர்103 படி வீடியோ சிக்னல் மைனஸ் 5-க்கும் 105 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தைப் பார்த்து வெளிச்சத்தை இறக்குங்கள்; அளவு மீறுவதை வெட்டும் வீடியோ லிமிட்டரைக் கடைசியில் போடுங்கள். லிமிட்டரையே நம்பினால் சுவர் வெள்ளைத் தாளாகிவிடும்.

கேள்வி: முழுக்க நொடிக்கு 30 ஃபிரேமில் செல்போனில் எடுத்துவிட்டேன். சேனல் 25 கேட்கிறது.
- பள்ளத்தூர்

பதில்: எடுப்பதற்கு முன் சேனலைக் கேட்டிருந்தால் மெனுவில் ஓர் எண்ணை மாற்றியிருப்பீர்கள். இப்போது கூடுதல் ஃபிரேம்களை நீக்கினால் நடை தடுக்கும். இடைப்பட்ட ஃபிரேம்களைக் கணித்து உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ போட்டால் வீசும் கையின் விளிம்பு கிழியும். எது குறைவாக உறுத்துகிறதோ, ஷாட் ஷாட்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கலர் பார்க்க 55 இன்ச் டிவி வாங்கலாமா?
- காரைக்குடி

பதில்: வேண்டாம். 'ஸ்டுடியோ கலர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றை நானும் வாங்கினேன். இப்போது அதில் வீட்டுப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள்.

கேள்வி: 4,000 ரூபாய் சாஃப்ட்வேர் செல்போன் படத்தை 4:2:2 ஆக்கிவிடுமாமே?
- புதுவயல்

பதில்: ஆக்கும். நிற விவரத்தைக் குறைத்துப் பதியும் 4:2:0-வில் போன நிறம் மட்டும் திரும்பி வராது. லவுட்னஸும் வேவ்ஃபார்மும் பார்க்க எடிட்டிங் சாஃப்ட்வேரான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும்.