மலாவிக்குப் போகும் முன் சிசேரியன் தெரிந்திருக்க வேண்டுமா?

ஜனவரியில் மலாவியின் ஒரு மாவட்ட மருத்துவமனையில் சேரப்போகிறீர்கள், சிசேரியன் தனியாகச் செய்ததில்லை, சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். அங்கே பெரும்பாலான சிசேரியன்களைச் செய்பவர்கள் எம்.பி.பி.எஸ். டாக்டர்களே அல்ல, கிளினிக்கல் ஆபீசர்கள். 3 ஆண்டுப் படிப்பு, 1 ஆண்டுப் பயிற்சி முடித்தவர்கள், கை நன்றாகத் தேர்ந்தவர்கள். கூச்சப்படாமல் அவர்கள் பக்கத்தில் உதவிக்கு நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை குழந்தைகள் வார்டைப் பற்றித்தான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை, நீங்கள் இறங்குவதே மலேரியா ஏறும் நேரத்தில். வலிப்போடு, நினைவில்லாமல் ஒரு குழந்தை வந்தால் மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசியோடு நிற்காதீர்கள், ரத்தச் சர்க்கரையையும் உடனே பாருங்கள். மீட்டர் அங்கே நம் மில்லிகிராமில் அல்ல, மில்லிமோல் என்ற வேறு அலகில் காட்டும். 2.5 என்று பார்த்தால் நமக்குச் சட்டென்று உறைக்காது. நம் கணக்கில் அது 45 மில்லிகிராம்! அதற்குக் கீழே இருந்தால் 10% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்), எடையில் கிலோவுக்கு 5 மி.லி. அப்புறம் ரத்தசோகை இருக்கிறதா என்று அறிய உள்ளங்கை வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் கூட வந்த உறவினர்களின் ரத்தப் பிரிவை அப்போதே பார்க்கச் சொல்லிவிடுங்கள், ரத்தம் கிடைக்கத் தாமதமாகலாம்.

சரி, கிளம்பும் முன் இங்கே ஒரு மயக்க மருந்து நிபுணரிடம் ஸ்பைனலும் (முதுகில் போடும் மரப்பு ஊசி) கெட்டமின் மயக்க மருந்தும் கொடுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.