அண்ணனுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 38 வயது, நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறேன். என் அண்ணன் 34 வயதில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோதே சுருண்டு விழுந்து இறந்தார். இரண்டு மாதமாக எனக்குப் படபடப்பு. எக்கோவில் இதயத்தசை 19 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்றும், துடிப்புக் கோளாறு ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றும் சொன்னார்கள். எனக்கும் அதே முடிவுதானா? தொழிலுக்குப் போகலாமா? பிள்ளைகள் இருவரையும் நினைத்தால் தூக்கம் வரவில்லை.
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் படபடப்பும் அண்ணனின் மரணமும் ஒரே நோயிலிருந்து, அதாவது இதயத்தசை தடித்துப்போகும் பரம்பரை நோயான ‘ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி’யிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உங்களுடையது இதயத்தின் மேலறைகளில் எழும் கோளாறு. தசை தடிக்கும் நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது வருகிறது. அதில் அஞ்ச வேண்டியது பக்கவாதத்தை. மேலறையில் தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குச் சென்றுவிடக்கூடும். மற்றவர்களுக்கு வயது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எனப் புள்ளி போட்டுப் பார்த்த பிறகு தரும் உறைவுத் தடுப்பு மாத்திரையை, தசை தடித்தவர்களுக்கு அந்தக் கணக்கைப் பாராமலே தொடங்குவதுதான் இன்றைய நடைமுறை. ஆஸ்பிரின் அதற்கு ஈடாகாது. மீன் முள் குத்தினால் ரத்தம் நிற்கச் சற்று நேரமாகும் என்பதற்காக, மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அண்ணனுக்கு நேர்ந்தது கீழறைத் துடிப்பு தறிகெட்டுப்போனதாக இருக்கலாம். இப்படிப்பட்ட மரணங்களைக் ‘காற்றுக் கருப்பு’ என்று பேசி முடித்துவிடுவதால், உடன்பிறந்தவர்களைச் சோதிக்கும் வாய்ப்பு எத்தனையோ வீடுகளில் நழுவிப்போகிறது. குடும்பத்தில் நிகழ்ந்த இளவயது மரணமே உங்கள் ஆபத்தைக் கூட்டும் ஓர் அடையாளம். காரணமின்றி மயங்கி விழுதல், ஹோல்டர் பதிவில் (நாள் முழுக்க உடலில் மாட்டி எடுக்கும் இ.சி.ஜி.) கீழறைத் துடிப்பு சிறிது நேரம் விரைந்து அடங்குதல், தசைத் தடிப்பு 30 மில்லிமீட்டரை எட்டுதல், எம்.ஆர்.ஐ.யில் பரவலான தழும்பு ஆகியவையும் அவ்வாறே. இவற்றை எடைபோட்ட பிறகே, தறிகெட்ட துடிப்பை மின்னதிர்வால் மீட்கும் ஐ.சி.டி. கருவி வேண்டுமா என இதயவியல் நிபுணர் முடிவு செய்வார். அது வெறும் பேஸ்மேக்கர் அன்று.

முறையான சிகிச்சையில் இருப்பவர்களில், இந்நோயால் ஆண்டுக்கு இறப்பவர் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. பெரும்பாலோர் இயல்பான ஆயுளுக்கு அருகில் வாழ்கிறார்கள்.

பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது வரும் வாய்ப்பு பொதுவாகப் பாதிக்குப் பாதி. இருவருக்கும் இப்போதே இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுங்கள். இன்று சரியாக இருந்தாலும், வளரும் பருவத்தில் தசை தடிக்கக்கூடும் என்பதால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

சோதனைகள் முடியும்வரை கடலுக்குப் போக வேண்டாம். பிறகு மருத்துவர் அனுமதித்தாலும் தனியாகப் போகாதீர்கள். வெயிலில் உடல் நீர் வற்றினால் தடித்த தசை ரத்தப் பாதையை மேலும் நெருக்கக்கூடும் என்பதால், படகில் குடிநீர் போதிய அளவு இருக்கட்டும்.