ஈறில் ரத்தம், வயிற்றில் பிள்ளை: ஈறு நோய் மருத்துவரின் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம். பல் துலக்கினாலே ரத்தம் வருகிறது. குழந்தை கால்சியத்தை உறிஞ்சுவதால்தான் என்கிறார் மாமியார். கால்சியம் மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம்மா. பல்லில் இறுகிய கால்சியம் குழந்தைக்காகக் கரைந்து வராது. சாப்பாட்டில் பற்றாக்குறை என்றால் உடம்பு எடுப்பது எலும்பிலிருந்து. ரத்தத்துக்குக் காரணம், பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படியும் கிருமிப் படலம். கர்ப்ப ஹார்மோன்கள் ஏறியிருப்பதால், முன்பு பொறுத்துக்கொண்ட அதே அழுக்குக்கு ஈறு இப்போது சிவந்து வீங்குகிறது. வழக்கமாக இரண்டாம் மாதம் தொடங்கி எட்டாம் மாதம்வரை ஏறி, பிரசவத்துக்குப் பின் தணியும்.

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் படலம் தடித்து, ரத்தம் இன்னும் கூடும். மிருதுவான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். இழுத்துத் தேய்க்காமல் குட்டிக் குட்டி அசைவாக, காலையும் இரவும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். பத்து நாளில் குறையாவிட்டால் ஈறுக்கடியில் காரை (கல்போல் இறுகிய படலம்) கட்டியிருக்கலாம். பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கர்ப்பத்தில் ஸ்கேலிங் (காரையைச் சுரண்டி எடுப்பது) செய்தால் குழந்தைக்கு ஆபத்தில்லையா? செய்யாவிட்டால் குறைப்பிரசவம் ஆகும் என்றும் படித்தேன்.

பதில்: இரண்டு பயமும் பாதி உண்மைகூட இல்லை. ஈறு நோய்க்கும் குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கும் தொடர்பு இருப்பதாக 1996-ல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. அதைச் சோதிக்க 823 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கர்ப்பத்திலேயும் மறு பாதிக்குப் பிரசவத்துக்குப் பின்னும் ஈறு சிகிச்சை செய்தார்கள். 2006-ல் வந்த முடிவில் குறைப்பிரசவம் கர்ப்பத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 12.0 சதவீதம், மற்றவர்களில் 12.8 சதவீதம், பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஈறு நன்றாகத் தேறியது, சிகிச்சையால் கேடும் வரவில்லை. ஆகவே ஸ்கேலிங் உங்கள் ஈறுக்காக. பிரசவத் தேதியை அது மாற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நான்கு முதல் ஆறாம் மாதம் வசதியான காலம். அதற்குப் பிறகென்றால் மல்லாந்து படுக்காமல், வலது இடுப்புக்கடியில் ஒரு தலையணை வைத்து இடப்பக்கம் சாய்ந்திருங்கள். லிக்னோகெய்ன் மரப்பு ஊசி போடலாம். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கூடாது, குழந்தையின் பல்லில் கறை ஏறலாம். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், பாராசிட்டமால் போதும்.

கேள்வி: 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்கிறார்களே, வேப்பங்குச்சி போதாதா?

பதில்: பழமொழியில் இருப்பது ஆலும் கருவேலும்; வேம்பு அதில் இல்லை! இருந்தாலும் வேப்பங்குச்சி கெட்டதல்ல. சுண்டுவிரல் பருமனுள்ள பச்சைக் குச்சியின் நுனியை மென்று நாராக்கி, ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கி மட்டும் இழுங்கள். குறுக்கே தேய்த்தால் ஈறு கீழிறங்கி வேர் தெரியும். பின்பற்களின் உட்புறம் குச்சிக்கு எட்டாது, படலம் அங்கே தங்கிவிடும். இரவில் பிரஷ் வேண்டும். சாற்றைத் துப்பிவிடுங்கள். கர்ப்பத்தில் வேப்பெண்ணெயோ கொழுந்தோ மருந்தாக விழுங்கக் கூடாது. கரி, செங்கல் பொடி எந்த மாதத்திலும் வேண்டாம்.

கேள்வி: நல்லெண்ணெய், மஞ்சள், திரிபலா: எதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது? (சித்த மருத்துவ மாணவர்)

பதில்: மூன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. நல்லெண்ணெய்க் கொப்பளிப்பைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷோடு ஒப்பிட்ட சென்னை ஆய்வு 2009-ல் வந்தது. இரண்டிலும் ஈறு அழற்சி குறைந்தது. ஆனால் பங்கேற்றவர்கள் 20 விடலைப் பையன்கள், காலம் பத்து நாள். அதைக் கர்ப்பிணிக்கு அப்படியே பொருத்த முடியாது. குமட்டல் உள்ளவர் வாயில் பத்து நிமிடம் எண்ணெய் வைத்திருந்தால் ஓங்கரிப்பு வரும், எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கவும் கூடும்.

மஞ்சளில் சிக்கல், அதன் மஞ்சள் நிறச் சத்தான குர்குமின். அது நீரில் கரையாது. டம்ளரில் கலக்கிய மஞ்சள்தூள் அடியில் தங்கிவிடும். 0.1 சதவீத மஞ்சள் மவுத்வாஷ் ஈறு வீக்கத்தில் குளோர்ஹெக்சிடினுக்கு இணையாகவும், படலத்தைத் தடுப்பதில் ஒரு படி குறைவாகவும் இருந்தது. மின்னும் மஞ்சள் கிழங்கிடம் எச்சரிக்கை: நிறத்துக்காக ஈயக் குரோமேட் பூசுவது வங்கதேசத்தில் 2019-ல் ஆய்வில் வெளிப்பட்டது. வயிற்றில் பிள்ளை இருக்கையில் ஈயம் வேண்டவே வேண்டாம்.

திரிபலாவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் 0.6 சதவீதமாகச் சோதித்திருக்கிறார்கள். வீட்டு அளவுக்கு 200 மில்லி நீரில் சுமார் அரை டீஸ்பூன், கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, ஆறியபின் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அதிலுள்ள கடுக்காய் பேதியாக்கும், விழுங்கக் கூடாது. இவை எல்லாம் புதுப் படலத்தைத் தளர்த்தும். இறுகிய காரையைக் கரைக்கும் மூலிகை கிடையாது, அதற்குக் கருவிதான்.

கேள்வி: ஈறு வீக்கத்தில் கிராம்பு எண்ணெய் தடவலாமா?

பதில்: நேராகத் தடவினால் ஈறு வெந்துபோகும். வெதுவெதுப்பான ஒரு டம்ளர் நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள்.

கேள்வி: தினமும் வாந்தி. உடனே பல் துலக்குகிறேன், சரிதானே?

பதில்: இல்லை. அமிலத்தில் இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும். டம்ளர் நீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பி, அரைமணி கழித்துத் துலக்குங்கள்.

கேள்வி: இரும்பு மாத்திரை ஒத்துவராதவர்கள் பேரீச்சை, கடலை மிட்டாய் சாப்பிட்டாலே போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். என்ன சொல்வது? (கிராம சுகாதார செவிலியர்)

பதில்: அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன, நான்காம் மாதம் முதல் 180 நாள். அந்த இரும்பைப் பேரீச்சையால் ஈடுகட்ட முடியாது. இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்குவது பெரிய தவறு. இரும்பு உடம்பில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும். காலைச் சாப்பாட்டோடு கால்சியம், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி கழித்து இரும்பு, இரவுச் சாப்பாட்டோடு மறு கால்சியம் என்று பிரித்துக் கொடுங்கள். இரும்புக்கு முன்பின் ஒரு மணி டீ, காபி கூடாது. கூடவே அரை கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ. அந்த வைட்டமின் சி இரும்பை உள்ளிழுக்கும், ஈறை உறுதியாக வைக்கும் கொலாஜன் என்ற புரதத்துக்கும் அதுதான் தேவை. இரும்பு டானிக்கை ஸ்ட்ராவில் குடிக்கச் சொல்லுங்கள், பல் கறுக்காது. மிட்டாயை நாளெல்லாம் கொறிக்காமல் சாப்பாட்டோடு முடிக்கட்டும்.

கேள்வி: பற்களுக்கு நடுவே ஈறில் செர்ரிப் பழம்போல் ஒரு சிவப்புக் கட்டி. தொட்டால் ரத்தம். புற்றா?

பதில்: பெரும்பாலும் கர்ப்ப ஈறுக்கட்டிதான்; புற்றல்ல. பிரசவத்துக்குப் பின் சுருங்கும். நேரில் காட்டி உறுதிசெய்து, அடியிலுள்ள காரையை எடுத்துவிடுங்கள். கடிபட்டு ரத்தம் நிற்காவிட்டால் மட்டுமே கர்ப்பத்திலேயே அறுப்போம், அப்போது திரும்ப வளரவும் வாய்ப்புண்டு. நூல் கட்டி அறுக்கும் கைவைத்தியத்துக்கு யாரையும் விடாதீர்கள். அதில் ரத்த ஓட்டம் அதிகம்.